"சமையலில் ஆர்வமுள்ள பெண்களுக்கு" என்று எழுதியிருந்தீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்காகப் போன வாரம் நீங்கள் போட்ட இணைப்பிதழை இரண்டு தடவை படித்தேன். இன்ஜினீயரிங்குக்கு இரண்டு பக்கம், மருத்துவத்துக்கு ஒன்றரைப் பக்கம், ஏ.ஐ. படிப்புக்கு ஒரு பக்கமும் பெரிதாக ஒரு ரோபோ படமும். கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், கட்டில் பீரோ விளம்பரத்துக்கு மேலே, 'உணவும் ஊட்டச்சத்தும்' என்று தலைப்புப் போட்டு இரண்டே வரி. "சமையலில் ஆர்வமுள்ள பெண்களுக்கு ஏற்ற படிப்பு. வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்." இருபது வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் நான். மழைத்தண்ணி வீட்டுக்குள் வந்தபோதுகூட உங்களுக்கு எழுதியதில்லை, இதற்கு எழுதுகிறேன்.

என் மகள் அந்தப் படிப்பில்தான் மூன்றாம் வருடம். எங்கள் வீடு தண்டையார்பேட்டை, நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் டாலி கிளார்க், என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் சேரும்போது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். நீட்டில் மார்க் வரவில்லை, நர்சிங்கில் அவளுக்கு விருப்பமில்லை, பயாலஜி குரூப் எடுத்தவளுக்குக் கிடைத்த இடம் இது, சரி போய் வரட்டும் என்று பீஸ் கட்டினேன். சொந்தக்காரர்கள் விடுவார்களா? "தோசை சுடக் கத்துக்க காலேஜுக்கா அனுப்புறே, உங்க அம்மாகிட்ட உட்கார வெச்சா ஆறு மாசத்துல கத்துக்குமே" என்று என் மச்சான் ஒரு கல்யாணப் பந்தியில் எல்லாரும் கேட்கும்படி சொன்னார். எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை, ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

முதல் வருடப் புத்தகங்களைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வேதியியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல். சமையல் வகுப்பும் உண்டு, ஆனால் அங்கே போகிறவள் கையில் தராசு இருக்கும். அரிசியைப் பச்சையாக எடை போட வேண்டும், வெந்த பிறகு எடை போட வேண்டும், எத்தனை மடங்கு ஆகியிருக்கிறது என்று ரெகார்டு நோட்டில் எழுத வேண்டும். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று கணக்குப் போட வேண்டும். ஒரு நாள் வீட்டு மஞ்சள்தூளைச் சிட்டிகை எடுத்துக்கொண்டு போனாள், கலப்படச் சாயம் இருந்தால் அமிலம் விட்டதும் ஊதா கலந்த சிவப்பாக மாறுமாம். எங்கள் மஞ்சள் மாறவில்லை. அதை மிஷினில் அரைத்துக் கொடுத்த கடைக்காரரிடம் நான் போய்ச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ விருது கொடுத்த மாதிரி.

அப்புறம் அந்த அசைன்மென்ட் வந்தது. வீட்டில் ஒருவர் நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். 24 மணி நேர நினைவுக் கணக்கு என்று இதற்குப் பெயர். அவள் தேர்ந்தெடுத்தது அவளுடைய ஆயாவை, அதாவது என் அம்மாவை. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பத்து வருஷமாக இருக்கிறது.

"ஆயா, நேத்து காலையில இருந்து இன்னா சாப்ட்டே?"

"நான் இன்னாத்த கண்ணு துன்னேன், ஒண்ணியும் இல்ல."

இந்த "ஒண்ணியும் இல்ல" என்பதை அவிழ்க்க முக்கால் மணி நேரம் ஆனது. ராத்திரி ரெண்டரைக்கு ஏலத்துக்குப் போகும்போது ஒரு டீ. அது கணக்கில்லையாம். ஏலம் முடிந்து இன்னொரு டீ, கூட ரெண்டு பொறை பிஸ்கட். ஐஸ் வாங்கக் காத்திருந்தபோது யாரோ வாங்கிக் கொடுத்த பஜ்ஜி, காசு தான் கொடுக்கவில்லை என்பதால் அதுவும் கணக்கில்லையாம். பத்து மணிக்குப் பழைய சோறு, நெத்திலிக் கருவாடு. எவ்வளவு சோறு என்று கேட்டால் "ஒரு கிண்ணம்". எந்தக் கிண்ணம் என்று கேட்டு அதை எடுத்துவரச் சொன்னாள். என் கல்யாணத்துக்கு வந்த சீர் கிண்ணம் அது, குழந்தையைக் குளிப்பாட்டலாம். தண்ணீரை வடித்துவிட்டுச் சோற்றை மட்டும் தராசில் வைத்தபோது நானூறு கிராமைத் தாண்டியது. அவள் படிக்கும் புத்தகத்தில் ஒரு கிண்ணம் என்றால் அதில் பாதிகூட இல்லை. டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டதற்கு மட்டும் அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் வெற்றிலைப் பையைத் தேடினார்.

இத்தனைக்கும் அம்மாவிடம் ஏற்கெனவே ஒரு டயட் சார்ட் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்து வீட்டுக்கு வரும்போது கையில் கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ், பிரவுன் பிரெட் இரண்டு துண்டு, பதினோரு மணிக்கு ஓர் ஆப்பிள், மதியம் இரண்டு சப்பாத்தி, சாலட், இரவு கிரில்டு ஃபிஷ். அம்மா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், "கிரில்டு ஃபிஷ்னா இன்னாடா?" என்றார், சுட்ட மீன் என்றேன். நாற்பது வருஷமாக மீன் விற்கிறவர், சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அந்தத் தாள் பீரோவில் சேலைக்கு அடியில் விரித்துக் கிடந்தது, உள்ளபடியே நல்ல வழவழப்பான தாள்.

அந்தச் சார்ட்டை எழுதியவர் மீது எனக்குக் கோபமில்லை. பாவம், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எழுதியிருப்பார்! அதில் இருந்தது தப்பும் இல்லை என்றாள் மகள், கலோரிக் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். ஆனால் இவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார், கையில் என்ன கிடைக்கும் என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்ல வந்ததே இதுதான் சார். இந்தப் படிப்பைப் படித்தவர்களுக்கு எங்கள் ஏரியா சாப்பாடு தெரியாது, எங்கள் ஏரியாப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது. நடுவில் நீங்கள் வேறு, இரண்டு வரியில் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

மகள் என்ன செய்தாள் தெரியுமா? பழைய சோற்றை நிறுத்தவில்லை. கிண்ணத்தை மாற்றினாள். அம்மா திட்டினார், இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் சின்னக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு கூடவே கீரை கேட்டார். டீயை நிறுத்தச் சொன்னால் நடக்காது என்று அவளுக்குத் தெரியும், அதனால் டீயில் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தாள், பொறைக்குப் பதில் மடியில் ஒரு பொட்டலம் வேகவைத்த சுண்டல். கருவாடு வாரம் ஒரு நாள், அதுவும் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை கழுவி. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதாம், நாங்கள் கருவாட்டிலேயே அதைத் தாண்டிக்கொண்டிருந்தோம். டாக்டர் எழுதிய மாத்திரையில் கை வைக்கவில்லை, அவள் வேலையும் அது இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது டாக்டரே "என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார். "கிண்ணம் மாத்திட்டாங்க சாமி" என்றார் அம்மா. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் சாப்பாடு புத்தகத்தில் இல்லையோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் தப்பு. ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-ல் குன்னூரில் மெக்கரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஒரு சின்ன அறையில் ஆரம்பித்தது, 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போனதாம். நம் ஊரில் பிறந்த நிறுவனம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்குப் பல காலம் தலைமை தாங்கிய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், நூறு வயது வாழ்ந்து 2019-ல் போய்ச் சேர்ந்தார். அந்த நிறுவனம் 2017-ல் போட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 பண்டங்கள். மகள் அதில் மீன் பக்கத்தைத் திறந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில்தான் இருக்கிறது, ஆனால் பெயர்கள் நம்முடையவை. வஞ்சிரம், பாறை, கண்ணாடிப் பாறை, முரல் என்று வரிசையாக வர, அம்மா ஒவ்வொன்றுக்கும் அன்றைய ஏல விலையைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டுக் குடல், ஈரல் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. ஆட்டு மண்ணீரலுக்கும் இருக்கிறது, நம் பக்கம் சுவரொட்டி என்போமே அதுதான். ரத்தம் கம்மியாக இருக்கிற பெண்களுக்கு எங்கள் தெருக் கிழவிகள் புளியந்தோப்பிலிருந்து சுவரொட்டி வாங்கிவரச் சொல்வது சும்மா இல்லை, இரும்புச்சத்து அதில் கொட்டிக் கிடக்கிறது. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19 போதும். ஆனால் எங்கள் தெருவில் சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும் டீ குடிப்பார்கள், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் அந்த டீ மறித்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி, சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொள் என்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது, சொல்வதற்கு ஆள்தான் வேண்டும்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறார்கள் என்று ஒரே கூச்சல். ஓர் அம்மா முறத்தில் கொட்டி, கொஞ்சம் மஞ்சள் கலந்த மாதிரி தனியாகத் தெரிகிற அரிசியை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கிச் சாக்கடையில் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணியில் மிதக்குது பாருங்க என்று காட்டினார். மகள் அந்தப் பக்கமாக வந்தவள் நின்று, "அது பிளாஸ்டிக் இல்லக்கா, அரிசி மாவுல இரும்பு, போலிக் அமிலம், பி12 எல்லாம் சேர்த்து மறுபடி அரிசி மாதிரி பிழிஞ்சது, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்குன்னு அரசாங்கமே கலக்குது, நீங்க பொறுக்கிப் போடுறதுதான் சத்து" என்றாள். அந்த அம்மா நம்பவில்லை. "நீ யாரு?" என்றார். "மீன்காரம்மா பேத்தி" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதும்தான் முறத்தைக் கீழே வைத்தார். டவுனிலிருந்து கார் ஏறி வந்த அதிகாரி இதையே மைக்கில் சொல்லியிருந்தால் இன்னும் ரெண்டு கைப்பிடி சாக்கடைக்குப் போயிருக்கும்.

புழுங்கல் அரிசியும் அப்படித்தான். தீட்டிய பச்சரிசியே கதியாக இருந்த வடக்குச் சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பக்கம், அந்தக் காலத்தில் பெரிபெரி என்று கால் வீங்கிச் செத்தார்கள், புழுங்கல் சாப்பிட்டவர்களுக்கு அது அதிகம் வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணமாம். இன்றைக்கு ரேஷனில் புழுங்கல் போட்டால் முகம் சுளிக்கிற ஆட்களில் நானும் ஒருத்தன்.

பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், "வீட்டிலிருந்தபடியே" என்று எழுதினீர்களே அதற்காக. ஒரு மாதம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. காலை ஆறு மணிக்கு அங்கே சமையல்கூடத்தில் நிற்க வேண்டும் என்பதால் ஐந்தரைக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவேன். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிற நோயாளிகளுக்குக் கஞ்சி தயாரிப்பார்கள், அதை எத்தனை தடவை வடிகட்டினாலும் போதாதாம், ஒரு திப்பி போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் காய்கறியைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், பொட்டாசியம் அதோடு போகும். சத்தெல்லாம் தண்ணியோட போகுதே என்று அந்த வீட்டுப் பெண்கள் அழுவார்களாம், இளநீரும் வாழைப்பழமும் கூடாது என்றால் அடிக்கவே வருவார்களாம். ஊர் முழுக்க நல்லது என்று சொல்கிற பொருளை உனக்கு மட்டும் கூடாது என்று ஒருவரிடம் சொல்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும். முதல் வாரம் தினமும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. பாடத்தில் ஓர் உணவை எடுத்து அளவு நிர்ணயித்து எழுதச் சொன்னபோது இவள் அத்தோவை, அந்தப் பர்மா நூடுல்ஸை, எழுதுகிறேன் என்றாளாம். பட்டியலில் இருப்பதை மட்டும் எழுது என்றுதான் முதலில் பதில் வந்தது. பீச் ஸ்டேஷன் பக்கத்திலும் வியாசர்பாடியிலும் எத்தனையோ பேருக்கு ராத்திரிச் சாப்பாடே அதுதான், அது பட்டியலில் இல்லை. அப்புறம் ஒரு மேடம் விட்டுக்கொடுத்தார். அத்தோக் கடை அண்ணனிடம் போய் ஒரு தட்டுக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று கேட்க, அவர் "கை கணக்குதாம்மா" என்று சொல்லி ஊற்றிக் காட்ட, இவள் கீழே கிண்ணம் வைத்துப் பிடித்து எடை போட்டுக்கொண்டு வந்தாள். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், நான் சனிக்கிழமை தோறும் போகிற கடை அது.

சம்பளம் ஆரம்பத்தில் கம்மி. இவளுடைய சீனியர் பெண் ஒருத்திக்கு முதல் வேலையில் கிடைத்தது எங்கள் யார்டில் ஹெல்பருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. பதிவு பெற்ற உணவியல் நிபுணர் என்று போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் பி.எஸ்சி. போதாது, மேற்படிப்பு வேண்டும், ஆறு மாத ஆஸ்பத்திரிப் பயிற்சி வேண்டும், பிறகு இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வு இருக்கிறது. இதற்கு நடுவில், மூன்று நாள் ஆன்லைன் கிளாஸ் முடித்தவர்களும் ஜிம்மில் புரோட்டீன் பவுடர் விற்பவர்களும் டயட்டீஷியன் என்று போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்காக வந்த மத்தியச் சட்டத்தின் பட்டியலில் உணவியல் நிபுணரும் இருக்கிறார். எங்கள் தெருமுனை போர்டுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரிக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் பெயர் இருக்கிறதே, அந்தத் தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குத் தலைவராக இருந்தபோதுதான் 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். காமராசர், எம்.ஜி.ஆர். என்று வளர்ந்து, 2022-லிருந்து காலையிலும் உப்புமா, பொங்கல், கிச்சடி என்று போடுகிறார்கள். இவ்வளவு பேருக்குச் சாப்பாடு போடுகிற ஊரில், எங்கள் பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வாரம் இரண்டு நாளாவது உணவைப் பற்றிக் கேட்கவும் சொல்லவும் ஒரு நாற்காலி போடக் கூடாதா? மருந்து வாங்க அம்மா அங்கே போகும்போது பார்க்கிறேன், டாக்டருக்கு ஓர் ஆளுக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை, அவர் எங்கே கிண்ணத்தைப் பற்றிக் கேட்பார்? கல்லூரிகளும் பிள்ளைகளை ஒரு வாரம் காசிமேட்டுக்கும் கொருக்குப்பேட்டைக்கும் அனுப்பி நான்கு வீட்டு அடுப்படியில் உட்கார வைக்கட்டும். நீங்கள் அடுத்த வருஷமாவது இந்தப் படிப்புக்கு அரைப் பக்கம் கொடுங்கள், "பெண்களுக்கு" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு. மகள் வகுப்பில் இரண்டு பையன்கள் படிக்கிறார்கள், அதில் ஒருவன் எங்கள் எர்ணாவூர்க்காரன்.

எழுதுவதற்கு விவரம் வேண்டுமென்றால் உங்கள் நிருபரை அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டில்தான் இருப்பாள், அம்மா மீன் குழம்பு வைப்பார். ஒன்றே ஒன்று, முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவள் கேட்காமல் விடமாட்டாள். டீயோடு தின்ற பொறையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81